மருந்துச் சீட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு

நம் சேரியில் ஒருவர் படுத்துவிட்டால் முதலில் அடகுக் கடைக்குப் போவது தோடு. அடுத்தது வட்டிக்கடன். "காலம் கெட்டுப்போச்சு, வியாதி பெருகிப்போச்சு" என்று நாமே காரணமும் சொல்லிக்கொள்கிறோம். வியாதி பெருகியிருக்கலாம். ஆனால் செலவு ஏறியதற்குத் தேதிகள் இருக்கின்றன. அரசாணைகளில் தேடினால் கிடைக்கும்.

பணம் கட்ட முடியாததால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று 1946இலேயே சர் ஜோசப் போர் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. சுதந்திர இந்தியா அதைப் பாராட்டியது. தேவையான பணத்தைத்தான் ஒதுக்கவில்லை. 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தபோது அதற்கான அடித்தளம் போடப்பட்டிருந்தது. ஆனால் சட்டம் ஆலைத் தொழிலாளியோடு நின்றது. நம்மவர்களில் பெரும்பாலோர் வயலில் நின்றார்கள்.

மருந்து விஷயத்தில் மட்டும் அரசு கொஞ்ச காலம் உறுதியாக இருந்தது. மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது 1970 காப்புரிமைச் சட்டம். அதே மருந்தை வேறு முறையில் யாரும் தயாரிக்கலாம். போட்டியில் விலை இறங்கியது.

மாணவத் தோழர்கள் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விலைக் கட்டுப்பாட்டில் இருந்த மருந்துகள் 1979இல் 347. 1987இல் 142. 1995இல் 74. பிறகு டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்காக 2005இல் மருந்துக்கே காப்புரிமை திரும்பி வந்தது. 2013 ஆணை 348 அத்தியாவசிய மருந்துகளைப் பட்டியலில் சேர்த்தது. பழைய எண்ணுக்கு வந்துவிட்டோமே என்று ஏமாற வேண்டாம். முன்பு உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு விலை வைத்தார்கள். இப்போது சந்தையில் கம்பெனிகள் விற்கும் விலைகளின் சராசரிதான் உச்சவரம்பு. கம்பெனி வைத்த விலையைக் கொண்டே கம்பெனியைக் கட்டுப்படுத்தும் விந்தை!

2013-14இல் நாட்டின் மருத்துவச் செலவில் 100 ரூபாய்க்கு 64 ரூபாய் மக்களின் கையிலிருந்து போனது. 2019-20இல் அது 47 ஆகக் குறைந்தது என்கிறது அரசின் கணக்கு. குறைந்தது நல்லதுதான். காப்பீட்டு அட்டையும் இருக்கிறதே என்பார்கள். அந்த அட்டை, படுக்கையில் சேர்ந்து அறுவைசிகிச்சை செய்தால் உதவும். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் உதவாது. அரசு மருத்துவமனையில் அவை இலவசம். அங்கே வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். கூலியை விட முடியாதவர் மெடிக்கலில் கடன் சொல்லி அரை அட்டை வாங்குகிறார்.