கோரிக்கையோடு ஏறிய மேடைகள்



நினைவுப் பொழிவுக்குப் பேச்சைப் பற்றியே ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் மாணவர்கள். இயக்கத்துக்கு வருகிற இளைஞர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மேடையில் நன்றாகப் பேச என்ன செய்ய வேண்டும்? பேருந்து நிலையப் புத்தகக் கடையில் இதற்கு விடை சொல்லும் நூல்கள் நிறைய இருக்கின்றன. கண்ணாடி முன் நின்று பழகு, குரலை ஏற்றி இறக்கு, குறளில் தொடங்கு, கைதட்டல் வரும் இடத்தில் நிறுத்து என்று அவை சொல்கின்றன. அவற்றில் தவறொன்றும் இல்லை. ஆனால் நம் முன்னோர் பேச்சாளர்களான வரலாற்றைப் பார்த்தால் வேறொரு வரிசை தெரிகிறது. முதலில் நிற்க ஓர் இடம். அடுத்து கேட்க ஒரு கோரிக்கை. பிறகு கையில் ஓர் ஆதாரம். குரலும் நடையும் இவற்றுக்குப் பின்னால் வந்தன. இந்த வரிசையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவர்கள் நம் மக்கள். சாவுச் செய்தியையும், திருவிழா அறிவிப்பையும், அரசாங்க உத்தரவையும் தெருத் தெருவாகத் தண்டோரா போட்டுச் சொன்னது நம் பாட்டன்மாரின் குரல். அந்தக் குரலுக்கு ஊரே காது கொடுத்தது. ஆனால் அந்தக் குரலில் வந்தது மற்றவர் சொல். ஊர்க்கூட்டம் கூடும்போது அதே மனிதர் ஓரமாக நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அரசு அறிவிப்புக்குத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில்தான். ஊருக்குக் கேட்கும் குரல் நமக்கு எப்போதும் இருந்தது. அந்தக் குரலில் சொந்தச் சொல்லைச் சொல்லும் உரிமைதான் இல்லை. நம் மேடைப் பேச்சின் வரலாறு அந்த உரிமையைப் பெற்ற வரலாறு.

தமிழில் இன்று நாம் காணும் மேடைப் பேச்சு பழங்காலத்தது அன்று. கிறித்தவ மிஷனரிகளின் பிரசங்கம் அதற்கு ஒரு முன்மாதிரி. அதைப் பார்த்து, அதற்கு எதிராகவே, ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிறகு சுதேசி இயக்கம் வந்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் 1908இல் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் தமிழில் அரசியல் பேசித் தொழிலாளரைத் திரட்டினார்கள். பொதுவாக எழுதப்படும் மேடைத் தமிழின் வரலாறு இந்த வழியில் போய்த் திராவிட இயக்கத்தில் சேரும். இதே காலத்தில் இன்னொரு மேடையும் கட்டப்பட்டு வந்தது. அதைச் சொல்பவர்கள் குறைவு.

1892இல் சென்னையில் மகாஜன சபையின் மாநாடு நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தொடங்கியிருந்த அயோத்திதாசப் பண்டிதர் அங்கே பிரதிநிதியாகச் சென்றார். எல்லோருக்கும் பொதுவான தெய்வங்கள் என்றால் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் சேர்ப்பதில்லை என்று எழுந்து கேட்டார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கும்போது எங்கள் சாமிகள் எதற்கு என்ற பொருளில் தஞ்சாவூர்ப் பிரதிநிதி ஒருவர் எதிர்த்தார். பண்டிதர் அங்கேயே திசையை மாற்றினார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், தரிசு நிலமும் கேட்டுத் தீர்மானம் போடுங்கள் என்றார். சபை அதற்கு இணங்க வேண்டியிருந்தது.

மாணவர்கள் இந்த நிகழ்ச்சியை நிதானமாகப் படிக்க வேண்டும். அவமானப்படுத்தும் பதில் வரும்போது பேச்சாளருக்கு இரண்டு ஆசைகள் வரும்: திருப்பி அவமானப்படுத்துவது, அல்லது வெளியேறுவது. பண்டிதர் இரண்டையும் செய்யவில்லை. முதல் கோரிக்கையை மறுத்தவர்கள் இரண்டாவதை மறுக்க வாயில்லாதபடி செய்தார். பள்ளிக்கூடமும் நிலமும் அவர் அங்கே நின்றபோது திடீரென்று தோன்றியவையாக இருக்க முடியாது. அவை முன்பே அவர் மனத்தில் இருந்த கோரிக்கைகள். கோரிக்கைகளை வரிசைப்படுத்திக்கொண்டு மேடைக்குப் போகிறவருக்குக் கூச்சலில் தடுமாற்றம் வராது.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைப்பில் அச்சிட்டு விற்றதே ஒரு பொதுப் பேச்சு. அதே ஆண்டில், சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அப்படி நடந்தால் மேல்சாதியாரே அதிகாரிகளாக வந்து நம்மை நசுக்குவார்கள் என்று சீனிவாசன் கருதினார். சென்னையில் கூட்டம் கூட்டி எதிர்த்தார். அந்தக் கூட்டம் கைதட்டலோடு முடியவில்லை. 3,412 கையொப்பங்களோடு 112 அடி நீளமுள்ள மனு ஒன்று லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு மக்களிடம் 3,412 கையொப்பம் வாங்க எத்தனை சேரிகளில், எத்தனை திண்ணைகளில் பேசியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மேடைப் பேச்சு ஒரு மணி நேரம் என்றால் அதற்கு முன்னால் நடந்த வீட்டு வாசல் பேச்சு பல நாட்கள்.

சீனிவாசன் பிறகு தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஒருவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவருக்குப் புரியவைக்கும் வேலை அது. திரும்பி வந்து சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகிய எவற்றையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. அவருக்கு முன்பே சட்டமன்றத்துக்குப் போன எம்.சி.ராஜா ஒரு பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். இழிவான சாதிப் பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை 1922இல் நிறைவேற்ற வைத்தவர் அவர். ஒரு தீர்மானம் நம் பெயரை மீட்டது. இன்னொன்று நாம் நிற்கும் தெருவை மீட்டது. தெருவில் நடக்க முடியாதவர் தெருமுனைக் கூட்டத்தில் பேசுவது எப்படி?

தெருவுக்கான உரிமை தாளில் வந்தால் போதாது என்பதற்கு மகாடு சாட்சி. பொது நீர்நிலைகளைத் திறந்துவிடும் தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே நிறைவேற்றியது. மகாடு நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறப்பதாக அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 வரை அந்தத் தண்ணீரை நம் மக்கள் தொட முடியவில்லை. அன்று மாநாட்டில் பேசிய அம்பேத்கர் பேசி முடித்து வீட்டுக்குப் போகவில்லை. ஆயிரக்கணக்கானவர்களோடு குளத்துக்கு நடந்து சென்று தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். டிசம்பரில் மீண்டும் அங்கே கூடியபோது, 1789இல் பிரெஞ்சு மக்கள் கூட்டிய தேசிய சபையோடு அந்த மாநாட்டை ஒப்பிட்டுப் பேசினார். பெண்களிடம் தனியாகவும் பேசினார். அங்கே எடுத்த பொருள் உடையும் நகையும்: தாழ்ந்த சாதி என்று அடையாளம் காட்டும் உடுப்பைக் களையுங்கள் என்றார். ஒரே மாநாடு, இரண்டு பேச்சு. கேட்பவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. குளத்து வழக்கில் 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் மக்களின் பக்கம் தீர்ப்பளித்தது.

கூட்டத்தோடு சேர்ந்து பேசுவது எளிது. கூட்டத்துக்கு எதிராகப் பேசுவதைக் கற்க அன்னை மீனாம்பாளைப் பார்க்க வேண்டும். 1904இல் இரங்கூனில் பிறந்தவர். 1928இல் சைமன் குழு வந்தது. அதில் இந்தியர் ஒருவர்கூட இல்லை என்று காங்கிரஸ் புறக்கணித்தது. நாடெங்கும் சைமனே திரும்பிப் போ என்ற முழக்கம். அந்த நேரத்தில் குழுவை ஆதரித்துப் பேசியதே மீனாம்பாளின் முதல் மேடைப் பேச்சு. அதே ஆண்டு அக்டோபரில் அம்பேத்கரும் புனாவில் அந்தக் குழு முன் சாட்சியம் அளித்தார். புறக்கணித்தவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. தங்கள் நிலையைச் சொல்ல நம் மக்களுக்குக் கிடைத்த வாசல் அதுதான் என்ற கணக்கு அவர்களுடையது. அந்தக் கணக்கு சரியா என்று நீங்கள் விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் இருபத்து நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு பெண், நாட்டின் பெரிய முழக்கத்துக்கு மறுபக்கம் நின்று தன் மக்களின் நியாயத்தைச் சொன்னார். பின்னாளில், 1938இல், ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டத்தை வழங்கிய பெண்கள் மாநாட்டில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். 1945இல் பம்பாயில் நடந்த பட்டியல் சாதிப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

இனி ஆதாரம். அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழு முன் சாட்சியம் சொன்னபோதே மக்கள்தொகை எண்களோடு போனார். 1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு அவரும் சீனிவாசனும் சென்றார்கள். இப்படி இருபத்தேழு ஆண்டுகள் படித்தும் எழுதியும் சாட்சியம் அளித்தும் பழகியதன் பலன் 1946 டிசம்பர் 17 அன்று தெரிந்தது. அரசியல் நிர்ணய சபையில் நேருவின் குறிக்கோள் தீர்மானம் விவாதத்தில் இருந்தது. தமக்கு முன்னால் இருபது பேருக்கு மேல் இருப்பதால் மறுநாள்தான் வாய்ப்பு வரும் என்று அம்பேத்கர் நினைத்திருந்தார். அவைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திடீரென்று அவரை அழைத்தார். தயாரிப்பின்றி வந்திருப்பதாகச் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்கினார். முஸ்லிம் லீக் வராத சபையில் அவசரப்பட வேண்டாம், எல்லோரையும் சேர்த்துக்கொண்டு நடப்போம் என்று அவர் சொன்னதைக் காங்கிரஸ் உறுப்பினர்களே ஆரவாரித்து வரவேற்றார்கள். தயாரிப்பில்லாத பேச்சு என்று அவர் சொன்னது அன்றைய தாளைப் பற்றி. வாழ்நாள் தயாரிப்பு அவரிடம் இருந்தது.

நன்றாகப் பேசுவதற்கு நம் மக்கள் கொடுத்த விலையையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் இம்மானுவேல் சேகரன் எதிர்த்தரப்புக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் கொல்லப்பட்டார். நமக்கு அடுத்த மதுரை மாவட்டத்தின் மேலவளவில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் தேர்தல் ஒழுங்காக நடந்து தலைவர்கள் பதவியில் அமர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதனால்தான் பேச்சுப் பயிற்சி என்பதைக் குரல் பயிற்சியாக மட்டும் நம்மால் பார்க்க முடிவதில்லை. யாரும் தனியாகப் பேசப் போகக் கூடாது. பேசுகிறவருக்குப் பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பது பேச்சின் ஒரு பகுதி.

அண்ணாவின் அடுக்குமொழியும் கலைஞரின் வசனமும் தமிழ் மேடைக்கு அழகு சேர்த்தன. அதை நாமும் கேட்டு வளர்ந்தோம். ஆனால் அந்த நடையைக் கடன் வாங்கி, கோரிக்கையே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசும் பழக்கம் நம் மேடைகளுக்கும் வந்துவிட்டது. தலைவர்களின் பெயரைப் பத்து அடைமொழிகளோடு சொல்லவே பாதி நேரம் போகிறது. அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவரின் பெயரிலேயே அந்தப் பக்தியைச் செய்வது நியாயமா?

ஆத்தூர் வட்டாரத்தில் நமக்கு அருகில் உள்ள மேடை கிராம சபை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். 501 முதல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர், பத்தாயிரம் வரை 200 பேர் வந்திருக்க வேண்டும். 1924இல் கேட்டுப் பெற்ற பொது இடத்தின் இன்றைய வடிவம் இது. அங்கே அலங்காரம் எடுபடாது. நம் காலனிக்குக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஊருக்குள் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று ஒரு மாதம் நோட்டில் குறித்து வையுங்கள். சுடுகாட்டுப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாளோடு எழுந்து, ஊர்ப் பெயரையும் எண்ணையும் சொல்லி, என்ன தீர்மானம் வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதிப் படித்துக் காட்டும் வரை உட்காராதீர்கள். முதலில் பேசுவது ஒரு பெண்ணாக இருக்கட்டும்; அவரைச் சுற்றி நீங்கள் இருங்கள்.

குரல் நடுங்கும். நடுங்கட்டும். அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஊரில் யார் எந்தத் தாளோடு போகப் போகிறீர்கள் என்பதை இன்றே, இந்த அரங்கை விட்டுப் போவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள்.