நாயிபும் நவாபும்

அரபு மொழியில் ‘நாயிப்’ என்றொரு சொல் உண்டு. பிறர் ஒருவருக்குப் பதிலாக நின்று அவர் பணியைச் செய்பவன் என்பது அதன் பொருள். இன்றும் அரபு நாடுகள் பலவற்றில் மக்கள் பிரதிநிதிக்கு நாயிப் என்றே பெயர். நாயிபின் பன்மை ‘நுவ்வாப்’. இப்பன்மைச் சொல்லே பாரசீகத்தின் வழியாக நம் நாட்டிற்கு வந்து ‘நவாப்’ ஆயிற்று. முகலாயப் பேரரசரின் பதிலாளாக மாகாணங்களை நிருவகிக்கச் சென்றோர் நாளடைவில் தாமே அரசராயினர். ஆர்க்காட்டு நவாபுகளின் வரலாறும் அதுவே. 1751-52ஆம் ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் முற்றுகையிடப்பட்டிருந்த நவாப் முஹம்மது அலிக்குப் புதுக்கோட்டைத் தொண்டைமான் துணை நின்றபோது, அவர் பேரரசரின் பதிலாள் என்ற எண்ணம் எவர்க்கும் இருந்திராது. ‘பதிலாள்’ எனும் பொருள் மறைந்து ‘ஆண்டான்’ எனும் பொருள் நிலைபெற்றுவிட்டது.

ஒரு சொல்லின் இந்தப் பயணம் நமக்கோர் எச்சரிக்கை. மக்கள் தேர்ந்தனுப்பிய நாயிப், நவாபாக மாறிவிடாமல் காப்பது எது? தம்மை அனுப்பியவர்க்கு அவர் நாள்தோறும் கணக்குச் சொல்லும் கடமையே காக்கும் என்பது என் துணிபு.

இக்கடமையை இஸ்லாம் அமானிதம் என்று கூறும். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் விடப்பட்டோரைக் குறித்து விசாரிக்கப்படுவார் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருநாள் மிம்பரில் நின்று பேசத் தொடங்கியபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, எல்லோர்க்கும் ஒரு துண்டுத் துணியே பங்கு கிடைத்திருக்க, கலீஃபாவின் உடலில் முழு அங்கி எவ்வாறு வந்தது என்று வினவினார் என்பர். கலீஃபா சினங்கொள்ளவில்லை. தம் பங்கையும் தந்தைக்கு ஈந்ததாக மகனார் அப்துல்லாஹ் எழுந்து விளக்கிய பின்னரே பேச்சுத் தொடர்ந்தது. பொதுப்பொருளைப் பற்றிய ஒரு செய்தியைக் கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு. சொல்லும் கடமை தலைவருக்கு உண்டு. இவ்விரண்டும் அங்கே ஒருங்கே விளங்கின.

இனி நம் கறம்பக்குடிப் பக்கம் வருவோம். இவ்வூர் முன்னர்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஆலங்குடி வட்டத்தில் அடங்கியிருந்தது. வற்றாத ஆறு இல்லாத சீமை. வானம் பார்த்த ஏரிகளும் கண்மாய்களுமே உயிர்நாடி. அக்காலத்தில் அரசாங்கச் செய்தி ஊருக்குள் தமுக்கடித்து வரும். வரி கட்ட வேண்டிய கெடு, விலக்கப்பட்ட செயல், வரவிருக்கும் அதிகாரி ஆகியவற்றைத் தமுக்கு முழங்கும். வசூலான வரி எங்கே செலவாயிற்று என்பதைத் தமுக்கு ஒருபோதும் முழங்கியதில்லை. கட்டளை மேலிருந்து இறங்கிற்று; கணக்கு இறங்கவில்லை.

அந்த மௌனம் சிறிது சிறிதாகவே கலைந்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில், 1902ஆம் ஆண்டில், முப்பது பேர் கொண்ட பிரதிநிதி சபை ஒன்று அமைக்கப்பட்டது. முதலில் எல்லோரும் நியமன உறுப்பினரே. 1907ஆம் ஆண்டில் பதினெண்மரைத் தேர்ந்தெடுக்க வழி பிறந்தது. 1913ஆம் ஆண்டில் அத்தொகை பதின்மூன்றாகக் குறைக்கப்பட்டது. கொடுத்த உரிமையைத் திரும்பப் பெறுவது ஆட்சியாளர்க்கு எத்துணை எளிது என்பதற்கு இது சான்று. 1924ஆம் ஆண்டில் ஐம்பது உறுப்பினர் கொண்ட சட்டசபை தோன்றிற்று, முப்பத்தைவர் தேர்ந்தெடுக்கப்பட்டோர். பெண்களுக்கிருந்த தடை 1927ஆம் ஆண்டில் நீங்கிற்று.

ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்திலும் கதை இதுவே. சட்டசபையில் வினா எழுப்பும் உரிமையை 1892ஆம் ஆண்டின் சட்டம் வழங்கியது. ஆயினும் கிடைத்த விடையின்மேல் துணைவினா எழுப்ப இயலாது. அதற்கு 1909ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. வினா என்பது சிறு கருவிதான். எனினும் ஓர் அமைச்சரோ அதிகாரியோ அவையில் எழுந்து, இன்ன ஊர் ஏரிக்கு இவ்வளவு செலவு என்று சொல்லிவிட்டால், அச்சொல் பதிவாகிவிடுகிறது. பதிவான சொல்லை மறுநாள் மறுப்பது அரிது.

இவ்வரலாற்றில் புதுக்கோட்டை மண் ஈன்ற ஒரு பெண்மணியை மறத்தல் ஆகாது. 1886ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், 1926ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, பிரித்தானிய இந்தியாவின் முதற் பெண் சட்டமன்ற உறுப்பினரானார். அவையின் துணைத்தலைவராகவும் தேர்வு பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1930ஆம் ஆண்டில் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவி துறந்தார். பதவியை விட்ட அந்த ஆண்டிலேயே, சட்டமன்றத்தில் தாம் பெற்ற அனுபவங்களை நூலாக வெளியிட்டார்.

அவர் நியமன உறுப்பினர். அவருக்கு வாக்களித்த தொகுதி என ஒன்று இல்லை. அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அவ்வாறிருந்தும் அவையில் தாம் ஆற்றியதை எழுதி வைத்தார். வாக்காளரே இல்லாத ஒருவர் கணக்குக் கொடுத்திருக்க, ஆயிரமாயிரம் வாக்குகளைப் பெற்றுச் செல்வோர் கொடாதிருத்தல் முறையாகுமா? ஒரு குறை மட்டும் உண்டு. அந்நூல் ஆங்கிலத்தில் அமைந்தது. புதுக்கோட்டைச் சந்தைக்கு வந்த பெண்ணுக்கு அது எட்டியிராது. செய்தி, கேட்போரின் மொழியில் வரும்போதுதான் அமானிதம் முழுமை பெறும்.

1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தில் அடங்கியது. 1952 தேர்தலில் வயது வந்தோர் அனைவரும் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர். 1974 ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. கறம்பக்குடி இன்று வட்டத்தின் தலைமையிடம். ஆட்சி நம் வாசலுக்கு நெருங்கி வந்திருக்கிறது; ஆட்சியைப் பற்றிய அறிவு அதே அளவு நெருங்கி வந்ததா என்பதே கேள்வி.

அறிவு நெருங்கி வந்தால் என்ன நிகழும் என்பதையும் இம்மாவட்டம் கண்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே கிராமந்தோறும் பரவியது. பெண்கள் எழுத்துக் கற்றனர். சைக்கிள் ஓட்டவும் கற்றனர். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல்லுடைத்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, அரசின் கல்குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்தனர். பாறை புதிதன்று, உழைப்பும் புதிதன்று. அப்பாறை பொதுச்சொத்து, அதைக் கேட்டுப் பெற வழியுண்டு என்ற செய்தியே புதிது.

தகவல் உரிமைக்கெனத் தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. விண்ணப்பித்த முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும் என்பது விதி. நல்ல சட்டமே. ஆனால், கேட்கத் தெரிந்தவனுக்கன்றோ அது பயன்படும்?

மாலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசற் படியில் அமர்ந்திருக்கும்போது, கடிதங்களைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் வருவோர் பலர். ஒருமுறை முதிய தாயொருவர் உதவித்தொகை பற்றிய கடிதம் ஒன்றைக் கொணர்ந்தார். நேரில் வரவேண்டிய நாள் அதில் குறிக்கப்பட்டிருந்தது. அந்நாள் கடந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. கடிதத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். “நல்ல சேதிதானே, ஹஜ்ரத்?” என்று கேட்ட அவருக்கு விடை சொல்ல என் நா எழவில்லை.

கேட்டவனுக்குச் சொல்வது சட்டம். கேளாதவனுக்கும் தேடிச் சென்று சொல்வது அமானிதம். நாயிப் செய்யவேண்டிய பணி இரண்டாவது. தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுதோறும் எந்த ஊருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, எந்தக் கண்மாய் தூர்வாரப்பட்டது, எந்த உதவிக்கு எந்நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பவற்றை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுத் தேநீர்க் கடையிலும், நியாயவிலைக் கடையிலும், கோயில் வாசலிலும், பள்ளிவாசற் சுவரிலும் ஒட்டச் செய்வது அரிய செயலன்று.

நம் ஜமாஅத்துகளுக்கும் இதிற் பங்குண்டு. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, வந்திருக்கும் அறிவிப்புகளை ஒருவர் படித்துக் காட்டலாம். மதத்தைப் பாராமல் அண்டை வீட்டாருக்கும் அவற்றை எடுத்துச் செல்லலாம். உறுப்பினர் ஊருக்கு வரும் நாளில் மாலையுடன் நிற்பதோடு அமையாமல், ஏரிக் கணக்கையும் பணிவுடன் கேட்கலாம். உமர் (ரலி) அவர்களிடமே துணிக்குக் கணக்குக் கேட்ட வழியில் வந்தவர்கள் நாம். கேட்பார் இல்லாத இடத்தில்தான் நாயிப் நவாபாகிறார்.