பட்காவுக்கும் மரியாதை வேண்டும்

சீக்கியர் என்றதும் விறைப்பாக, மடிப்புக் கலையாமல் கட்டப்பட்ட தலைப்பாகையே நம் நினைவுக்கு வருகிறது. திரைப்படங்களும் குடியரசு நாள் அணிவகுப்பும் அந்த ஒரு தோற்றத்தையே நமக்குப் பழக்கியுள்ளன. ஆனால், அன்றாட வாழ்வில் சீக்கியர் தலையை மறைக்கும் துணி ஒரே வகையானதன்று; வயதுக்கும் வேலைக்கும் கிடைக்கும் நேரத்துக்கும் ஏற்ப அது மாறுகிறது. இந்த வேறுபாடுகளை அறியாமல் பள்ளிகளும் விளையாட்டு அமைப்புகளும் விதி வகுக்கும்போது, பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களுமே.

இவை அனைத்துக்கும் அடிப்படை கேசம். 1699-ஆம் ஆண்டு அனந்தபூரில் குரு கோவிந்த் சிங் நிறுவிய கால்சா மரபில், மழிக்காத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்கால் உள்ளாடை, குறுவாள் ஆகிய ஐந்தும் அடையாளங்கள். இந்தப் பட்டியலில் தலைப்பாகை இல்லை. எனினும், சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் குழு 1945-இல் ஏற்ற 'ரெஹத் மரியாதா' என்னும் ஒழுக்க நெறித் தொகுப்பு, ஆண்கள் தலைப்பாகை அணிவதைக் கட்டாயமாக்குகிறது. பெண்களுக்கு அதை விருப்பத்துக்கு விடுகிறது. எந்தப் பாணியில் கட்ட வேண்டும் என்று அது வரையறுக்கவில்லை. அதனால்தான் இத்தனை வடிவங்கள் தோன்றின.

வெளியே செல்லும்போது கட்டும் முழுத் தலைப்பாகை ஏறத்தாழ ஐந்து, ஆறு மீட்டர் மெல்லிய பருத்தித் துணி. இருவர் இரு முனைகளைப் பிடித்து இழுத்து மடிப்பதே வழக்கம். இதற்குப் 'பூனி' என்று பெயர். நெற்றியில் வேறு நிறத்தில் சிறு முக்கோணமாகத் தெரிவது 'ஃபிஃப்டி' எனப்படும் உள்துணி. பட்டியாலா ஷாஹி ஒரு பாணி. நிஹங்குகள் உயர்த்திக் கட்டும் துமாலா மற்றொன்று.

வீட்டிலும் வயலிலும் நிலைமை வேறு. அங்கே 'பர்னா' என்னும் குட்டையான பருத்தித் துணியை, மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் சில சுற்றுகளில் கட்டிக்கொள்கிறார்கள். 'கேஸ்கி' சிறிய தலைப்பாகை. பெரிய தலைப்பாகைக்கு அடியிலும் கட்டலாம், தனியாகவும் கட்டலாம். சீக்கியருள் ஒரு பிரிவினர், ஆண் பெண் இருபாலரும் கேஸ்கி அணிய வேண்டும் என்றே கருதுகின்றனர். 'பட்கா' என்பது உச்சிக் கொண்டையையும் தலையையும் இறுக மூடி, முனைகளில் உள்ள நாடாக்களால் முடியப்படும் துணி. சிறுவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் உரியது இது. மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் கொண்டையின்மேல் ஒரு ருமால் போதும். நம் ஊர்களில் தலையில் கட்டும் உருமாலும் இதே சொல்தான்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இதில் நேரத்தின் அருமையைக் காண்கிறேன். முழுத் தலைப்பாகைக்கு நேரமும் பயிற்சியும் பல வேளைகளில் துணைக்கு ஓர் ஆளும் தேவை. உழுபவரும் ஓடுபவரும் சுருக்கமான வடிவத்தைத் தேர்ந்தது இயல்பே. மில்கா சிங் கொண்டையின்மேல் கைக்குட்டை கட்டி ஓடினார். பிஷன் சிங் பேடியின் வண்ணப் பட்காக்கள் அவருடைய சுழற்பந்தைப் போலவே பேசப்பட்டன. 2001-இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் 15 விக்கெட்டுகளை ஹர்பஜன் சிங் வீழ்த்தியபோதும் அவர் தலையில் இருந்தது பட்காதான்.

ஆயினும், எளிமையாக இருப்பதாலேயே பட்காவைத் தொப்பியாகக் கருதிவிடுகிறார்கள். 2013-இல் கனடாவின் கியூபெக் கால்பந்துக் கூட்டமைப்பு தலைப்பாகையோடு பட்காவையும் கேஸ்கியையும் ஆடுகளத்தில் தடை செய்தது. பன்னாட்டுக் கால்பந்து சம்மேளனம் அனுமதி அளித்த பின்னரே தடை விலகியது. 2014-இல் சீனத்தின் வூஹானில், ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடச் சென்ற இந்தியச் சீக்கிய வீரர்களிடம் தலையில் கட்டியிருந்ததை அகற்றச் சொன்னார்கள். அந்த விதி மாற 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் ஒரு மாணவன் தலைப்பாகையுடன் பள்ளியில் சேரும் உரிமையைப் பெற, வழக்கு பிரபுக்கள் அவை வரை சென்று 1983-இல்தான் முடிவுக்கு வந்தது.

தொப்பியைக் கழற்றுவது பணிவின் அடையாளமாக இருக்கலாம். பட்காவைக் கழற்றச் சொல்வதோ, பலர் முன்னிலையில் ஆடையைக் களையச் சொல்வதற்கு ஒப்பானது. வடிவம் சிறிதானாலும் அது காக்கும் மானம் சிறிதன்று.

பாதுகாப்புக் கவலைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, தலைப்பாகை அணிந்து இரு சக்கர வாகனத்தில் செல்லும் சீக்கியருக்குத் தலைக்கவசத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால், ஒரு மெல்லிய பட்கா விபத்தில் தலையைக் காக்காது. அந்த விவாதம் வேறு. விளையாட்டுத் திடலிலும் ஆய்வுக்கூடத்திலும் பணிமனையிலும் தேவை, துணி தொங்காமல் இறுக்கமாக இருப்பதுதான். அதற்கான வடிவங்களைச் சீக்கியர்களே நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். 'அகற்று' என்று ஆணையிடுவதற்கு முன், 'இந்த இடத்துக்கு எது பொருந்தும்?' என்று அணிபவரிடமே கேட்பது பெரும்பாலான சிக்கல்களைத் தீர்க்கும். வெளிமாநில மாணவர்களைச் சேர்க்கும் நம் கல்வி நிறுவனங்களும் சீருடை விதி எழுதும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.