வெயிலைக் குறைத்துக்கொண்டே போன பந்தயம்

1982 டிசம்பரில் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப், லாரி பெர்க்கின்ஸ் இருவரும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சூரியக் கார் ஒன்றில் கிளம்பி, சுமார் 4,000 கிலோமீட்டரை 20 நாட்களில் கடந்து சிட்னி போய்ச் சேர்ந்தார்கள். நல்ல சைக்கிள்காரர் துரத்திப் பிடித்துவிடக்கூடிய வேகம்தான். ஆனாலும் டென்மார்க்கில் பிறந்த சாகசக்காரரான தோல்ஸ்ட்ரப் அதோடு நிற்கவில்லை. டார்வினில் தொடங்கி, கண்டத்தின் நடுப்பாலையைக் குறுக்காகத் தாண்டி அடிலெய்டில் முடியும் 3,000 கிலோமீட்டர் பந்தயம் அவர் முயற்சியால் 1987 நவம்பரில் முதன்முறையாக நடந்தது. இந்தப் பந்தயத்தின் வரலாற்றைச் சூரிய மின்கலம் வளர்ந்த கதையாகச் சொல்வது வழக்கம். கணக்கைப் போட்டுப் பார்த்தால், அதைச் சிக்கனத்தின் கதையாகப் படிப்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் பந்தயத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் சராசரியாக மணிக்கு 67 கிலோமீட்டர் ஓடி வென்றது. அடுத்த வண்டி இரண்டு நாளுக்கும் மேல் கழித்தே வந்தது. பணம்தான் ஜெயித்தது என்பார்கள். செயற்கைக்கோள்களுக்கான காலியம் ஆர்சனைடு மின்கலங்களும் வெள்ளி-துத்தநாக பேட்டரியும் எல்லோராலும் வாங்கக்கூடியவை அல்ல என்பது உண்மைதான். ஆனால் அந்த விலையுயர்ந்த தகடுகள் உச்சிவெயிலில் தந்தது சுமார் 1,500 வாட். குளியலறை கீசர் ஒன்றுக்கே அது போதாது. அதைக் கொண்டு அத்தனை வேகம் எடுக்க முடிந்ததற்குக் காரணம் வண்டியின் உருவம். அதை வடித்தது பால் மெக்ரெடியின் குழு. மனிதன் கால்மிதியால் ஓட்டிய விமானத்தை 1979-இல் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே பறக்கவைத்தவர் அவர். அற்ப சக்தியில் காரியம் முடிப்பதே அவருடைய தொழில்.

2005-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் மாணவர்களுடைய நூனா 3 எட்டிய சராசரி மணிக்கு 102.75 கிலோமீட்டர். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அப்படியென்றால் சன்ரேசரின் உருவமே கொண்ட வண்டிக்கு மூன்றரை மடங்கு திறன் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் மின்கலங்கள் மேம்பட்டன, ஆனால் அந்த அளவுக்கு அல்ல. மீதியை ஈடுகட்டியது இழப்பைக் குறைத்த வடிவமைப்பே. வண்டிகள் நெடுஞ்சாலையின் வேக வரம்பைத் தொடவும் அமைப்பாளர்கள் தகட்டின் பரப்பிலேயே கைவைத்தார்கள். 2007-இல் 8 சதுர மீட்டர் 6 ஆனது. 2017-இல் சிலிக்கான் தகடுகளுக்கு 4 ஆகச் சுருங்கியது. மின்கலத்தின் வளர்ச்சியை அளக்க நினைப்பவர்கள் இப்படி ஒரு விதியை எழுதமாட்டார்கள்.

இத்தனை பந்தயம் ஓடியும் சூரியக் கார் கடைக்கு வரவில்லையே என்ற கேள்வி நியாயமானது. இந்தப் பந்தயத்தில் ஓடிய நெதர்லாந்தின் ஐந்தோவன் அணியின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய லைட்இயர் நிறுவனமும் 2023 தொடக்கத்தில் தன் முதல் காரின் உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. என்றாலும் மெக்ரெடியின் குழு சன்ரேசரை அடுத்து ஜெனரல் மோட்டார்ஸுக்காக இம்பாக்ட் என்ற மாதிரி மின்காரை உருவாக்கியது. அதிலிருந்து 1996-இல் இவி1 என்ற மின்கார் பிறந்தது. அதை ஓட்டச் சூரியத் தகடு தேவைப்படவில்லை. காற்றை இடறாத உருவம் மட்டும் அப்படியே வந்திருந்தது: அதன் காற்றுத்தடைக் கெழு 0.19. அன்றைய சாதாரணக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது 0.3-ஐத் தாண்டியிருந்தது.