சவேரியார் விடைபெற்ற இரவு



1547ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். உயிர்ப்புப் பெருவிழா முடிந்துவிட்டது. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, கிராம்பு விளையும் மொலுக்கத் தீவுகளில் ஒன்றான தெர்னாத்தேயில் ஒரு கப்பல் புறப்படக் காத்திருக்கிறது. அதில் ஏற வேண்டிய குருவானவர் பகலில் வரவில்லை. ஊர் அடங்கி, நள்ளிரவு நெருங்கும் வேளையில் கடற்கரைக்கு வருகிறார். அவர் புனித பிரான்சிஸ் சவேரியார். வயது 41.

ஏன் அந்த நேரத்தில்? காரணத்தை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். மறு ஆண்டு சனவரி 20ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமையில் உள்ள தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. தெர்னாத்தேயில் தமக்கு நண்பர்களாகவும் ஞானப் பிள்ளைகளாகவும் ஆகிவிட்ட மக்களுடைய அழுகையைத் தாங்க முடியாது என்றுதான் இரவில் கப்பல் ஏறினாராம். ஆனால் அது பலிக்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எவரிடமிருந்தும் ஒளிந்துகொள்ள முடியவில்லை என்று எழுதுகிறார். அந்த இரவும் அந்தப் பிரிவும் தம்மை வெகுவாக உலுக்கின என்றும், தாம் இல்லாமல் போவதால் அவர்களுடைய ஆன்மாவுக்குக் கேடு வந்துவிடுமோ என்று கலங்கியதாகவும் சொல்கிறார்.

அவர் அந்தத் தீவில் இருந்தது இரண்டு தவணையாகச் சில மாதங்கள் மட்டுமே. அதற்குள் தெருவில் சிறுவர்களும், வீட்டில் பெண்களும், கடலில் மீனவர்களும் விசுவாச அறிக்கையையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பாட்டாகப் பாடும்படி ஆகியிருந்தது. போகிறவர் வெறுமனே போகவில்லை. தமக்குப் பின் நாள்தோறும் மறைக்கல்வி நடக்க ஒரு குருவை ஏற்பாடு செய்தார். இரவில் ஒருவர் ஒரு கையில் விளக்கும் மறு கையில் மணியுமாக வீதிவீதியாகச் சென்று, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகவும் பாவத்தில் கிடப்பவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்லி மக்களை எழுப்ப வேண்டும் என்றும் ஒழுங்கு செய்துவிட்டே கிளம்பினார்.

குருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் இந்தக் கடிதத்தை எவரும் எங்களுக்கு வாசித்துக் காட்டியதில்லை. காற்றையும் புயலையும் வென்ற சவேரியாரைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கை ஓய்ந்துபோன சவேரியாரைக் காட்டினார்கள். கூடவே, தனிப்பட்ட நட்பு துறவிக்கு ஆபத்து என்று எச்சரித்தார்கள். பழைய ஞான நூல்களில் இருந்து வந்த எச்சரிக்கை அது. முழுவதும் தவறு என்று சொல்லமாட்டோம். ஒருவர்மேல் ஒட்டிக்கொண்டு மற்ற எல்லாரையும் மறக்கும் நட்பு பங்குக்கும் கேடு, குருவுக்கும் கேடு. ஆனால் அந்த எச்சரிக்கையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்த எங்களுக்கு, ஒரு மறைபரப்பாளர் பிரிவுக்கு அஞ்சி இரவில் ஒளிந்து போனார் என்பதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவருடைய வாழ்க்கையே நட்பில் தொடங்கியது. பாரிஸ் நகரில் புனித பார்பரா கல்லூரியில் ஒரே அறையில் தங்கிய பேதுரு ஃபாபர், பின்னர் அங்கே வந்து சேர்ந்த இஞ்ஞாசியார், இவர்களோடு வளர்ந்த உறவு அது. 1534ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் மொன்மார்த்ரு குன்றில் ஏழு பேராக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ஆறே ஆண்டுகளில் பிரிவு வந்தது. போர்த்துக்கல் அரசர் இந்தியாவுக்குக் குருக்களைக் கேட்டார். போகவேண்டியவர் பொபடில்லா, அவர் நோயில் விழுந்தார். 1540ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஏறக்குறைய ஒரு நாள் அவகாசத்தில், சவேரியார் உரோமையை விட்டுக் கிளம்பினார். புறப்படுமுன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துச் சென்றார்: சபைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது தம் வாக்கு இஞ்ஞாசியாருக்கு, அவர் இல்லாத நிலை வந்தால் ஃபாபருக்கு. தேர்தல் நாளில் தாம் அங்கே இருக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். இருவரையும் இந்த உலகில் அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

(அந்தப் பயணத்தில் சொந்த ஊரான நவார் நாட்டின் அருகே சென்றும் தாயைப் பார்க்காமல் போய்விட்டார் என்று ஒரு கதையைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நாங்களும் சொல்லியிருக்கிறோம். அவருடைய தாய் மரியா 1529ஆம் ஆண்டே இறந்துவிட்டார். பற்றறுத்தலுக்கு எடுத்துக்காட்டு தேடி, இல்லாத கல்நெஞ்சை அவருக்கு நாம் ஏற்றிவிட்டோம்.)

1541ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், தம்முடைய 35ஆவது பிறந்த நாளில், லிஸ்பனில் கப்பல் ஏறினார். உடன் சென்றவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கோ மன்சிலாஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய படிப்பாளி அல்லர். ஆனால் ஆர்வமும் எளிமையும் நிரம்பியவர் என்று சவேரியாரே இவரைப் பற்றி எழுதுகிறார். 1544ஆம் ஆண்டு இந்த மன்சிலாசை நம் முத்துக்குளித்துறைக்கு அழைத்து வந்தார். ஒருவர் ஓர் ஊரில், மற்றவர் வேறோர் ஊரில். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டணம், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று சவேரியார் நடந்துகொண்டே இருந்தார். நடந்த இடங்களிலிருந்து மன்சிலாசுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

அவற்றை வாசிக்கும்போது ஒரு புனிதரின் கடிதம் என்றே தோன்றாது. இரண்டு உழைப்பாளிகள் பேசிக்கொள்வது போல இருக்கும். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தவறாதே, கள்ளுக் குடியைக் கண்டித்து வை, கோவில் கட்டும் வேலை எந்த அளவில் நிற்கிறது என்பது போன்ற செய்திகள். அந்த ஆண்டு சூன் மாதம் வடுகர் படை குமரிமுனைப் பகுதியில் புகுந்து சூறையாடியபோது, மக்கள் கடல் நடுவே பாறைகளில் ஒண்டிக்கொண்டு பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார் சவேரியார். எதிர்க்காற்று எட்டு நாள் விடவில்லை. திரும்பி வந்து, கரை வழியே நடந்தே போய் அவர்களைப் பார்த்தார். இதையும் மன்சிலாசுக்குத்தான் எழுதுகிறார். ஆகஸ்டு மாதம் எழுதிய ஒன்றில், மொழிபெயர்ப்பவர் பக்கத்தில் இல்லை, நான் சொல்வது இவர்களுக்குப் புரியவில்லை, இவர்கள் சொல்வது எனக்கு அதைவிடப் புரியவில்லை, என் பிழைப்பை நீயே நினைத்துப் பார் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். தமிழ் தெரியாமல் தமிழர் நடுவே நின்ற அந்த மனிதருக்கு மனம் விட்டுப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் அடிக்கடி திரும்பச் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: இந்த மக்கள் உன்மேல் அன்பு கொள்ளும்படி நடந்துகொள், அன்பு இருந்தால்தான் உன் வேலை பலன் தரும்.

அன்பு கொள்ளும்படி நடந்தால் பிறகு என்ன ஆகும்? போகும் நாளில் அழுவார்கள். அதற்கு அந்தக் கடிதங்களில் வழி ஒன்றும் சொல்லப்படவில்லை.

1545ஆம் ஆண்டு மயிலாப்பூரில் புனித தோமாவின் கல்லறை அருகே நான்கு மாதம் தங்கிச் செபித்தார். பிறகு மலாக்கா நோக்கிக் கடல் ஏறினார். மறு ஆண்டு மே மாதம் அம்போன் தீவிலிருந்து ஐரோப்பியத் தோழர்களுக்கு எழுதுகிறார். அதில் ஒரு செய்தி: நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களிலிருந்து, உங்கள் கையால் எழுதிய உங்கள் பெயர்களை வெட்டி எடுத்து, என் வார்த்தைப்பாட்டுத் தாளோடு சேர்த்து எப்போதும் என்னோடு வைத்திருக்கிறேன்; அது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அவர் இறந்தபோது கழுத்தில் ஒரு சிறு பேழை கிடந்தது. உள்ளே மூன்று பொருள்கள்: மயிலாப்பூரில் பெற்ற தோமையாரின் திருப்பண்டம், தம் வார்த்தைப்பாட்டு வாசகம், இஞ்ஞாசியாரின் கையெழுத்து. திருத்தூதரின் எலும்பையும் நண்பரின் கையெழுத்தையும் ஒரே பேழையில் வைப்பது முறைதானா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நேயர்களே, இங்கே எங்கள் குறை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு கடற்கரைப் பங்கு ஒன்றில் பணி செய்தோம். பங்குத்தந்தைக்கும் உதவிப் பங்குத்தந்தைக்கும் ஒரே பட்டியலில் மாற்றல் வந்தது. பிரியாவிடைக் கூட்டம், பொன்னாடை, கண்ணீர் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து, விடியுமுன் நாலு மணிக்கு வேனில் பெட்டிகளை ஏற்றிப் புறப்பட்டோம். எளிமை என்று எங்களுக்கு நாங்களே பெயர் சொல்லிக்கொண்டோம். வாசலில் கோயில்பிள்ளை மட்டும் நின்றார். சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. அந்த ஊரில் நோயில் கிடந்த ஒரு பாட்டியம்மாள், வெள்ளிதோறும் நாங்கள் நற்கருணை கொண்டுபோகும் வீடு, போகும்போது சொல்லிவிட்டுப் போங்க சாமி என்று முன்னமே கேட்டிருந்தார். அடுத்த மாதமே அவர் இறந்த செய்தி வந்தது. சாமி எங்கே, வெள்ளிக்கிழமை ஆச்சே என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

சவேரியாரும் இரவில்தான் போனார் என்று எங்களுக்கு நாங்களே நியாயம் சொல்லலாம். ஆனால் அவர் பிடிபட்டார். பிடிபட்டதைக் குறையாக எழுதவில்லை. நாங்கள் பிடிபடவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் 20ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எபேசில் மூன்று ஆண்டு உழைத்த பவுல், எருசலேம் போகும் வழியில் மிலேத்துவில் இறங்கி எபேசு மூப்பர்களை வரவழைக்கிறார். அவசரப் பயணம்தான், பெந்தக்கோஸ்துக்குள் எருசலேம் சேரவேண்டும் என்பதற்காக எபேசுக்குள் போகாமலே கடந்தவர். ஆனாலும் சொல்லாமல் போகவில்லை. இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். முழந்தாளிட்டுச் செபிக்கிறார்கள், கழுத்தைக் கட்டிக்கொண்டு எல்லாரும் அழுகிறார்கள், கப்பல் வரைக்கும் வந்து வழியனுப்புகிறார்கள். தனிப்பட்ட நட்பைப் பற்றி எங்களை எச்சரித்த பாட நூல்கள் இந்தக் கடற்கரையை எப்படித் தாண்டிப் போயின என்று இப்போது வியப்பாக இருக்கிறது.

1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், சீனாவுக்குள் நுழையக் காத்திருந்த சான்சியன் தீவில் ஓலைக் குடிசையில் சவேரியார் உயிர் விட்டார். பக்கத்தில் இருந்தவர் அந்தோணி என்ற சீனக் கிறிஸ்தவர். இறுதி நாள்களில் நோயாளி சத்தமாகச் செபித்தார். அந்த மொழி அந்தோணிக்குப் புரியவில்லை. ஏழு மாதம் கழித்து, 1553ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், உரோமையில் இஞ்ஞாசியார் சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச் சொல்லிக் கடிதம் எழுதினார். 1622ஆம் ஆண்டு இருவரும் ஒரே நாளில் புனிதராக அறிவிக்கப்பட்டார்கள். ஃபாபர் 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மன்சிலாஸ் என்ன ஆனார்? அம்போனிலிருந்து சவேரியார் அவருக்கும் எழுதினார்: மொலுக்கத் தீவுகளுக்குப் புறப்பட்டு வா. கூடவே அழைக்கப்பட்ட யுவான் தே பெய்ரா போனார். மன்சிலாஸ் போகவில்லை. கீழ்ப்படியாமைக்காக 1548ஆம் ஆண்டு சபையிலிருந்து விலக்கப்பட்டார். நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தவர் நண்பர் சவேரியாரே. சபையின் ஒழுங்குக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். அதை நாம் இன்று உட்கார்ந்து தீர்ப்பிட வேண்டாம். ஆனால் தெர்னாத்தேயில் நடந்ததைவிட இந்தப் பிரிவுதான் அவருக்குக் கடினமாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அங்கே அழ ஆட்கள் இருந்தார்கள்.

சவேரியார் இறந்த சில ஆண்டுகளில், போர்த்துக்கல் அரசரின் கட்டளைப்படி அவருடைய வாழ்வைப் பற்றிச் சாட்சியம் திரட்டினார்கள். கொச்சியில் சாட்சி சொல்ல வந்தவர்களுள் மன்சிலாசும் ஒருவர். சபையை விட்டு அனுப்பப்பட்ட அந்த மனிதர், தம்மை அனுப்பிய நண்பரின் புனிதத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார். மணப்பாட்டிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் தமக்கு வந்த கடிதங்களை, இருபதுக்கும் மேற்பட்டவற்றை, அவர் ஒன்றுகூடத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். இருபது தோணிகளும் எட்டு நாள் எதிர்க்காற்றும் நமக்குத் தெரியவந்தது அவரால்தான்.