சமர்த்துக் குழந்தைகள்: மருத்துவமனைக்குள் விளையாட்டு வந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மருத்துவமனைகளில் நடைமுறையில் இருந்த பார்வையாளர் நேர விதிகளை இன்று படித்தால், அவை சிறைச்சாலைக்கு உரியவையோ என்ற ஐயம் எழும். 1949இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் வெளியான ஒரு தொகுப்பின்படி, கைஸ் மருத்துவமனையில் பெற்றோர் தம் குழந்தையை ஞாயிறு பிற்பகல் 2 முதல் 4 மணி வரை மட்டுமே காணலாம். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் ஒரு மாதம் குழந்தையைச் சந்திக்கவே இயலாது; மாலை 7 முதல் 8 வரை, உறங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வெஸ்ட் லண்டன் மருத்துவமனையில் அனுமதியே இல்லை.

இவ்விதிகளை வகுத்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். தொற்றுப் பரவல் குறித்த அவர்களது அச்சத்திற்கு, பெனிசிலினுக்கு முந்தைய வார்டுகளில் உண்மையான அடிப்படை இருந்தது. எனினும் மருந்துகள் வந்த பின்னரும் விதிகள் நீடித்தமைக்கு வேறொரு காரணம் உண்டு. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தை முதல் சில நாள்கள் அழும், பின்னர் அடங்கும், தாய் வந்து சென்றால் மீண்டும் அழும். ஆகவே தாயின் வருகையே குழந்தையைக் கலங்கச் செய்கிறது என்று முடிவு கட்டினர். அழாத குழந்தை வார்டுக்குப் பழகிவிட்டது என்று மகிழ்ந்தனர். நோயுற்ற குழந்தைகளுக்கான விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் கருணையின் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. அதை இந்தத் தவறான வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அவ்வாசிப்பைத் திருத்தியவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். அவர் மருத்துவர் அல்லர். போர்க்காலத்தில் அன்னா ஃபிராய்டு நடத்திய ஹாம்ப்ஸ்டெட் குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைக் கவனிக்கும் வேலையில் இருந்தவர். அங்குப் பணியாற்றிய ஒவ்வொருவரும், எவ்வேலையில் இருந்தாலும், குழந்தைகளைப் பற்றித் தாம் கண்டதை அட்டைகளில் எழுதித் தர வேண்டும். அந்தப் பயிற்சியுடன் 1948இல் டாவிஸ்டாக் நிறுவனத்தில் ஜான் பௌல்பியிடம் சேர்ந்த ராபர்ட்சன், மருத்துவமனை வார்டுகளில் அமர்ந்து குழந்தைகளைக் கவனித்தார். தாயைப் பிரிந்த சிறு குழந்தை எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, விலகல் என்னும் மூன்று நிலைகளைக் கடக்கிறது என்று அவர் கண்டார். வார்டு ‘அமைதி’ என்று பாராட்டியது இரண்டாம், மூன்றாம் நிலைகளையே.

சொல்லி யாரும் ஏற்காததால், அதுவரை கையாண்டறியாத ஒரு திரைப்படக் கருவியை அவர் எடுத்துக்கொண்டார். தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள்கள் தங்கிய, இரண்டு வயது ஐந்து மாதம் நிரம்பிய ஒரு சிறுமியைப் படமெடுத்தார். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த குழந்தை என்று எவரும் குறைகூறாதிருக்க, காத்திருப்போர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் அவள் தேர்வானாள். வேண்டிய காட்சிகளை மட்டும் சேர்த்தார் என்ற ஐயம் எழாதிருக்க, சுவர்க் கடிகாரம் தெரியும்படி நாள்தோறும் குறித்த நேரத்தில் படமெடுத்தார். அச்சிறுமி அதிகம் அழவில்லை. கரடிப் பொம்மையைப் பற்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில் தாயைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். வீடு திரும்பும்போது தாயின் கையைப் பற்ற மறுக்கிறாள். 1952 நவம்பரில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் அரங்கில் படம் திரையிடப்பட்டபோது மருத்துவர்கள் சினந்தனர். தம் தொழிலை இழிவுபடுத்துவதாகக் கூறினர். ஏழு ஆண்டுகள் கழித்து, 1959இல் வெளிவந்த பிளாட் குழு அறிக்கை, தடையற்ற பெற்றோர் வருகையையும் சிறு குழந்தைகளுடன் தாயும் தங்குவதையும் பரிந்துரைத்தது. 1961இல் இலண்டனின் பேட்டர்சி பகுதித் தாய்மார் சங்கமாகத் திரண்டு, அதை நடைமுறைப்படுத்தக் கோரினர்.

கதவு திறந்தபின் அடுத்த கேள்வி எழுந்தது: படுக்கையில் கிடக்கும் குழந்தை என்ன நினைக்கிறது என்பதை எவ்வாறு அறிவது? அமெரிக்காவில் அக்கேள்வி முன்னரே எழுந்திருந்தது. போலியோ ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ஃபிரெடரிக் ராபின்ஸ், கிளீவ்லாந்து நகர மருத்துவமனைக்கு 1955இல் எம்மா பிளாங்கை அழைத்தார். பிளாங்க் வியன்னாவில் மாண்டிசோரி ஆசிரியையாக இருந்து, நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். குழந்தைகளின் அன்றாட வாழ்வுக்கும் கல்விக்குமென அவர் அங்கு அமைத்த திட்டத்தில் விளையாட்டு நடுநாயகமாக விளங்கியது. பிரிட்டனில் 1963இல் ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பு, தென்கிழக்கு இலண்டனின் புரூக் மருத்துவமனையில் விளையாட்டுப் பணியாளர்களை அமர்த்தியது.

இப்பணி பொழுதுபோக்கினின்று வேறுபட்டது. ஊசியில்லாத சிரிஞ்சையும் பொம்மையையும் குழந்தையிடம் கொடுத்தால், தனக்கு நேர்ந்ததை அது பொம்மைக்குச் செய்துகாட்டும். ஊசி குத்தப்பட்டுக் கிடந்த குழந்தை, ஊசி குத்தும் இடத்திற்கு நகர்கிறது. பொம்மைக்கு ஏன் ஊசி என்று கேட்டால், “அது தப்புப் பண்ணிச்சு” என்ற விடை வரக்கூடும். நோயைத் தண்டனையாகக் கருதும் அந்த எண்ணத்தை வெப்பமானி காட்டாது. வீட்டில் விடப்பட்ட உடன்பிறந்தோருக்கும், பேச நாவெழாத பெற்றோருக்கும் கூட, நோயாளியாகிவிட்ட குழந்தையை மீண்டும் குழந்தையாகச் சந்திக்கும் இடம் விளையாட்டே. 1982இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கப்பட்ட, உலகின் முதல் குழந்தைகள் ஆதரவு இல்லமான ஹெலன் ஹவுஸ், குணமாகாத நோயிலும் குழந்தைப் பருவம் முடிந்துவிடுவதில்லை என்பதை நிறுவன வடிவில் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில் இச்சிந்தனை இல்லாமல் இல்லை. தாகூரின் ‘டாக் கர்’ நாடகத்தில், வைத்தியர் வெளியே விடாத அமல் தன் பொம்மைகளையெல்லாம் தெருச் சிறுவர்களுக்குக் கொடுத்து, தன் சன்னலுக்கு முன் விளையாடச் சொல்கிறான். நாடகம் வெளிவந்த ஆண்டு 1912. ராபர்ட்சனின் படத்திற்கு நாற்பது ஆண்டுகள் முந்தையது. ஆனால் நம் அரசு மருத்துவமனைகள் வேறு வழியில் வந்தன. செவிலியர் பற்றாக்குறையால் தாய் எப்போதும் வார்டுக்குள்ளேயே இருந்தாள். பிரிட்டன் போராடிப் பெற்றது இங்குத் தேவையின் பொருட்டு நிகழ்ந்தது. அதனாலேயே ‘அம்மா கூட இருக்கிறாளே’ என்று அடுத்த கேள்வி எழாமற் போனதோ என எண்ணுகிறேன். விளையாடும் உரிமையை 31ஆம் பிரிவில் கூறும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் உறவினர் மகனுக்குத் துணையாக ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் சில இரவுகள் தங்கினேன். பக்கத்துப் படுக்கைச் சிறுவன் ஊசி போடும்போதும் அழமாட்டான். “சமர்த்து” என்று நானும் அவனைப் பாராட்டினேன். மறுநாள் பிற்பகல், எவரும் பார்க்கவில்லை என்றெண்ணி, அவன் தன் தாயின் செருப்புக்கு நெடுநேரம் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். “அழாதே, அழாதே” என்று அதனை அதட்டிக்கொண்டும் இருந்தான். ராபர்ட்சனை நான் அப்போதே படித்திருந்தேன். இருந்தும் அந்தச் சொல்லைக் கூறிவிட்டேன்.

மருத்துவ வரலாறு பயிலும் மாணவர்கள் மருத்துவமனை ஆவணங்களைத் தேடிச் செல்லும்போது இதனை நினைவில் கொள்க. அவனுடைய கேஸ் ஷீட்டில் காய்ச்சலும் மருந்தளவும் மணிக்கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தச் செருப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது.