லைட் மீட்டர் தொலைந்த மாலை

1941 நவம்பர் 1. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம். நாள் முழுக்க அலைந்தும் மனதுக்குப் பிடித்த படம் எதுவும் அமையாமல் சாண்டா ஃபே நகரத்துக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ். வழியில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன கிராமம். கிழக்கே பனி மலைகளுக்கு மேல் நிலா ஏறிவிட்டது. மேற்கே இறங்கும் சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் பட்டு மின்னுகிறது. காரை நிறுத்தி, 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை அவசர அவசரமாகத் தயார் செய்தார். எல்லாம் ரெடி. லைட் மீட்டரை மட்டும் காணவில்லை!

தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அப்போது அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு, எஃப் 32, ஒரு வினாடி என்று முடிவு செய்து படத்தை எடுத்தார். இன்னொன்று எடுக்கலாம் என்று ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேல் இருந்த வெயில் போய்விட்டது. கிடைத்தது ஒரே ஒரு நெகடிவ். 20ஆம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற புகைப்படங்களில் ஒன்று அதிலிருந்து வந்தது.

மீட்டர் இல்லாமல் இது எப்படி முடிந்தது? அதைப் புரிந்துகொள்ள, மீட்டர் என்னதான் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

குடமும் குழாயும்

ஃபிலிமுக்குத் தேவையான வெளிச்சத்தை ஒரு குடம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயைப் பெரிதாகத் திறந்தால் குடம் சீக்கிரம் நிறையும். சிறிதாகத் திறந்தால் அதிக நேரம் ஆகும். லென்ஸுக்குள் இருக்கும் அப்பெர்ச்சர்தான் குழாயின் வாய். ஷட்டர்தான் நேரம். ஃபிலிமின் ஏ.எஸ்.ஏ. எண் குடத்தின் அளவு. எண் கூடக் கூடக் குடம் சின்னது.

2.8, 4, 5.6, 8, 11, 16 என்று லென்ஸில் இருக்கும் எண்கள் பார்க்கத் தாறுமாறாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் சரிபாதியாகிறது. ஷட்டர் எண்களும் அப்படித்தான்: 1/125, 1/250, 1/500. எனவே எஃப் 16, 1/125 என்பதும் எஃப் 8, 1/500 என்பதும் ஃபிலிமுக்கு ஒரே அளவு வெளிச்சம்தான். பற்று வரவு மாதிரி, ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஊகத்திலிருந்து ஊசிக்கு

1839இல் டாகுவேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது எக்ஸ்போஷர் நிமிடக் கணக்கில் இருந்தது. எவ்வளவு நேரம் என்பது அனுபவம், ஊகம், அதிர்ஷ்டம். இதைக் கணக்காக மாற்றியவர்கள் இங்கிலாந்தின் விட்னஸ் ஊரில் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இரு நண்பர்கள். போட்டோ எடுப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. மாதம், நேரம் போன்றவற்றை வைத்து எக்ஸ்போஷரைச் சொல்லும் ஆக்டினோகிராஃப் என்ற நகரும் அளவுகோலுக்கு 1888இல் காப்புரிமை பெற்றார்கள். 1890இல் போட்டோ தகட்டின் உணர்திறனை அளக்கும் முறையையும் வெளியிட்டார்கள்.

1930களில் செலினியம் வந்தது. வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் உண்டாக்கி ஊசியை நகர்த்தும் பொருள் இது. அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் இதை வைத்துக் கையடக்க மீட்டர்களை விற்றது. ஆடம்ஸுக்கு அன்று கையில் கிடைக்காமல் போனதும் ஒரு வெஸ்டன்தான். செலினியத்துக்குப் பேட்டரி வேண்டாம். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் ஊசி அசையாது.

1960களில் அந்த இடத்தைப் பிடித்தது காட்மியம் சல்ஃபைடு. பேட்டரி தேவை, ஆனால் மங்கிய வெளிச்சத்தையும் உணரும், அளவிலும் சிறியது. அதனால் மீட்டர் கேமராவுக்குள்ளேயே போய், லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தையே அளந்தது. 1963இல் டாப்கான் ஆர்.இ. சூப்பர், 1964இல் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்.

கே1000 என்ற வாத்தியார்

அந்த வழியில் வந்ததுதான் 1976இல் வெளியான பென்டாக்ஸ் கே1000. 1997 வரை தயாரிக்கப்பட்ட இதில்தான் பல நாட்டு மாணவர்கள் போட்டோகிராஃபி கற்றார்கள். இதில் ஆட்டோமேட்டிக் எதுவும் கிடையாது. மீட்டருக்கு ஆன், ஆஃப் சுவிட்ச் கூடக் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால் பேட்டரி மிச்சம்!

பழகும் முறை எளிது. முதலில் ஷட்டர் டயலின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பி, ஃபிலிமின் ஏ.எஸ்.ஏ. எண்ணை வைக்க வேண்டும். பிறகு வியூஃபைண்டரில் பார்த்தால் வலது ஓரத்தில் ஒரு ஊசி. மேலே போனால் வெளிச்சம் அதிகம், கீழே போனால் குறைவு. அப்பெர்ச்சரையோ ஷட்டரையோ திருப்பி ஊசியை நடுவில் நிறுத்த வேண்டும்.

பத்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பாடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

ஊசிக்குத் தெரியாதது

ஊசிக்கு எதிரே இருப்பது பனியா, கரி மூட்டையா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு அளக்கும். அதை நம்பி எடுத்தால் வெள்ளைப் பனியும் சாம்பல், கரியும் சாம்பல். ஆகவே பனியை எடுப்பவர் ஊசி சொல்வதைவிட ஒன்று இரண்டு படி அதிக வெளிச்சம் கொடுக்க வேண்டும். கரிக்குக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதை முடிவு செய்வது மனிதன்.

ஆடம்ஸ் அன்று செய்தது இதைத்தான். ஊசி இல்லாமலே நிலாவை எந்த அளவு வெளுப்பில் வைப்பது என்று அவரே முடிவு செய்தார். கணக்கு முழுவதும் கச்சிதமாக அமைந்துவிடவில்லை. நெகடிவின் முன்பகுதி மெலிதாகவே வந்தது. 1948இல் ரசாயனம் கொண்டு அந்தப் பகுதியை வலுப்படுத்தினார்.

இன்னொரு விஷயம். 60களின் கேமராக்கள் பலவற்றுக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டும். சுற்றுச்சூழல் கேடு என்று அமெரிக்கா 1996இல் பாதரச பட்டன் பேட்டரி விற்பனையைத் தடை செய்தது. மற்ற நாடுகளும் கைவிட்டன. இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் பல மாடல்களில் மீட்டர் தப்புக் கணக்குச் சொல்லும். மீட்டர் ஓடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எத்தனையோ கேமராக்கள் பரணில் கிடக்கின்றன. ஆனால் முழுக்க மெக்கானிக்கலான கேமராவில் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் அது இல்லாமலே ஓடும்.

நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஏ.எஸ்.ஏ. எண்ணுக்குப் பக்கத்தில்: 100 ஃபிலிமுக்கு 1/125. மேகம் மூட மூட ஒவ்வொரு படியாக அப்பெர்ச்சரைத் திறக்க வேண்டும். இந்த ஒரு விதி தெரிந்தால் போதும், பரணில் கிடக்கும் கேமராவைக் கீழே இறக்கி ஒரு ரோல் போட்டுப் பார்க்கலாம்.